விமானத்தில் எத்தனை பேர்

விமானக் கட்டுப்பாட்டு அறையில் அவளுக்கு ஐஸ்கட்டி என்று பெயர். வைத்தவர் அவளுடைய மேற்பார்வையாளர். அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் மீசை. எஞ்சின் நின்றுபோய் விமானி படபடத்தாலும், பக்கத்து வீட்டில் உப்பு கேட்பது மாதிரிதான் அவள் பேசுவாள். ஆறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பிறந்தவள். அங்கே கத்துகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. மெதுவாகப் பேசினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சின்ன வயதிலேயே கண்டுகொண்டாள்.

அந்தக் குரல்தான் அவளுக்குச் சோறு போட்டது. வேறு வேலை தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை.

ஆபத்து என்று விமானி சொன்னதும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விமானத்தில் எத்தனை பேர்? தரையில் காத்திருக்கும் தீயணைப்புக்காரர்கள் எத்தனை பேரைத் தேட வேண்டும், தேடி முடித்தாயிற்றா என்பதெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

ஒரு மழைநாள் பிற்பகலில் சரக்குப் பகுதியில் புகை என்று ஒரு விமானி சொன்னபோதும் கேட்டாள். வயதான குரல். எண்ணைச் சொல்லிவிட்டு, "இருங்கம்மா, மடிக்குழந்தை ஒண்ணு இருக்கு. ஒண்ணு கூட்டிக்கங்க" என்றது.

"கூட்டிக்கிட்டேன்" என்றாள்.

மற்ற விமானங்களை விலக்கி, அவரை ஓடுபாதைப் பக்கம் திருப்பிவிட்டாள். பாதி வழியில் திரையிலிருந்த புள்ளி காணாமல் போனது. பதில் வராவிட்டாலும் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி. கூப்பிட்டாள். அதே அலைவரிசையில் இருந்த மற்ற விமானிகள் ஒருவரும் குறுக்கே பேசவில்லை. கடைசியில் மீசைதான் அவள் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினார்.

அந்த விபத்து பற்றிய விசாரணையில், அவள் மேல் எந்தத் தவறும் இல்லை என்று முடிவானது. ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். தவறு இருந்திருந்தால் திருத்திக்கொண்டிருப்பாள். திருத்துவதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

விடுப்பு முடிந்தது, மருத்துவரும் பார்த்தாயிற்று. மறுபடி இருக்கையில் உட்கார வேண்டுமென்றால் மீசையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அரைநாள் வேலை செய்து காட்ட வேண்டும். முதல் முறை, பாதியிலேயே தானே எழுந்து வந்துவிட்டாள். இரண்டாவதிலும் தேறாவிட்டால் உரிமம் போய்விடும்.

இரண்டாவது சோதனை நாளன்று காலை கணவன் அவளுடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி இன்னிக்காவது வாயைத் திறப்பாங்களா அண்ணா?" என்றாள் நாத்தனார்.

"நீ கொஞ்சம் மூடினா அவளுக்குத் திறக்க இடம் கிடைக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. கணவன் இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தபடியே பார்த்தான். சட்டைக் கை லேசாகக் கருகியது.

வேலை நன்றாகவே போனது. வரிசையாக வந்த விமானங்களைச் சரியான இடைவெளியில் இறக்கினாள்.

"உருகாம இருக்கியே ஐஸ்கட்டி. இப்படியே போனா சாயங்காலம் காபி என் செலவு" என்றார் மீசை.

"உங்க செலவா? அப்ப இன்னிக்கு மழைதான் சார்."

அப்போதுதான் ஒரு சின்ன விமானம் கூப்பிட்டது. சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை, அவசர உதவி வேண்டும் என்றான் விமானி. அடிக்கடி வருகிற கோளாறுதான்; பெரும்பாலும் விளக்கில்தான் பழுது இருக்கும். உயரம் சொன்னாள், திசை சொன்னாள், தீயணைப்பு வண்டிகளுக்குச் சொல்லியாயிற்று. கேள்வி மட்டும் பாக்கி.

பேசும் பொத்தானை அழுத்தினாள். வாய் திறந்தது. குரல் வரவில்லை.

அந்தப் பொத்தான் அழுந்தியிருக்கும் வரை அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேச முடியாது. விமானி கூப்பிட்டாலும் கேட்காது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் விரலை எடுக்க முடியவில்லை. அவளுடைய மூச்சு மட்டும் எல்லா விமானங்களுக்கும் போய்க்கொண்டிருந்தது.

மீசை தன் பொத்தானைத் தட்டி, அவள் இணைப்பை வெட்டிவிட்டு, கேள்வியைக் கேட்டார். நான்கு பேர் என்று பதில் வந்தது. சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. நான்கு பேரும் இறங்கி நடந்து போனார்கள்.

நடைவழியில் மீசை அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "இன்னொரு வாய்ப்பு கேட்டுப் பாக்கலாம்மா. நான் பேசறேன்."

"பொத்தானைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் சார். அந்த நேரம் வேற யாராவது கூப்பிட்டிருந்தா?"

அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"தேறலைன்னே எழுதிடுங்க" என்றாள்.

வீட்டில் விஷயம் கேட்டதும் நாத்தனார் மனதாரச் சந்தோஷப்பட்டாள். "நல்லதாப் போச்சு அண்ணி. நேரங்கெட்ட நேரத்துல ஓட வேண்டாம், எங்களோட உக்காந்து சாப்பிடலாம்." கணவன் தங்கையை முறைத்தான். அவள், "ஆமாம், சாப்பிடலாம்" என்றாள்.

விமான நிலையத்தின் கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறை ஒன்றைக் கொடுத்தார்கள். ஊழியர்களின் வண்டிகளுக்கு நிறுத்துமிட அனுமதி அட்டை வழங்குவது வேலை. முதல் வாரமே, மேலே அவளுடைய இருக்கைக்கு வந்திருந்த பெண் அட்டை வாங்க வந்தாள்.

"அக்கா, நீங்க எப்ப மேல வருவீங்க? எல்லாரும் கேக்கறாங்க."

அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"வண்டி நம்பரைச் சொல்லும்மா."