உணர்வில்லாத காலில் எரிச்சல்

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டுகிறது. என் கால்கள் நெருப்பாய் எரிகின்றன. கிள்ளினால் தெரியாது, ஊசி குத்தினாலும் தெரியாது. எரிவது மட்டும் தெரிகிறது. டொராண்டோவில் வேலையிடத்து ஏணியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து இந்தக் கூத்துதான்.

எப்படி எரிகிறது என்று டாக்டரம்மா கேட்டார். "சித்திரை மத்தியானம் ஸ்ரீரங்கம் கோயில் பிரகாரத்துல வெறுங்காலோட நிக்கிற மாதிரி" என்றேன். "ஏன், செருப்புப் போட்டுக்கலாமே?" என்றார். இவர்களிடம் என்னத்தைச் சொல்ல! அந்தக் கல்லில் குதித்துக் குதித்து ஓடுவோம். தூண் நிழல் கிடைத்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். பிறகு அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரிக்குள் காலை விட்டால் சூடு போன இடம் தெரியாது. இந்த எரிச்சலுக்கு ஓடவும் முடியாது, தண்ணீரிலும் அடங்காது.

போனில் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டாள்.

"எரியுதா? அப்ப உசுரு திரும்புதுடா தம்பி! மரத்த கால் முழிக்கிறப்ப அப்படித்தான் குடையும். மாத்திரை போட்டு அமுக்கிடாத."

நாமெல்லாம் அப்படித்தானே நினைப்போம்? பந்தியில் சம்மணமிட்டிருந்து எழுந்தால் குறுகுறுத்து, வலித்து, பிறகுதான் கால் வரும். நானும் நம்பித் தொலைத்தேன். டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மாத்திரையைப் பிரிக்கவே இல்லை. தூக்கம் போனது, சோறு இறங்கவில்லை, பார்க்கிறவர்கள் மேலெல்லாம் வள்ளென்று விழுந்தேன்.

கடைசியில் டாக்டரம்மா உடைத்துச் சொன்னார். அடிபட்ட தண்டுவடம் தானாகவே தப்பான சேதி அனுப்புகிறது. மூளை அதைக் கால் எரிவதாக எடுத்துக்கொள்கிறது. கால் பிழைப்பதற்கு அது அடையாளமில்லை. அதற்கு எழுதிக்கொடுத்தது வலிப்புக்காரர்களுக்கும் கொடுக்கிற மாத்திரைதான். கொஞ்சமாகத் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும், திடீரென நிறுத்தக் கூடாது. முழுக்கப் போகாது, குறையலாம். போட ஆரம்பித்தேன், எனக்குச் சில வாரங்களில் குறைந்தது. தூங்கினேன். எரிவதை வரமென்று பொறுத்துக் கிடக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்கிறேன், அது மடத்தனம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். சமயபுரம் கோயில் வாசலில் இருந்தாள்.

"எரிச்சல் குறைஞ்சிருச்சும்மா."

"குறைஞ்சிருச்சா..." குரல் இறங்கிவிட்டது. "நீ நடக்கணும்னு வெள்ளித் தகட்டுல கால் உரு வாங்கி கையில வெச்சிருக்கேனேடா."

"எரியறதுக்கும் நடக்கறதுக்கும் சம்பந்தமில்லம்மா. டாக்டர் சொல்லிட்டாங்க."

"அவங்களுக்கு என்ன தெரியும்?"

"எரியறது எனக்கும்மா!" கத்திவிட்டேன்.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "சரி. எரியாம இருக்கணும்னு மாத்தி வேண்டிக்கிறேன். இதைப் போட்டுடவா?"

"போடும்மா."

தகட்டுக் கால் ஒன்று மாரியம்மன் உண்டியலில் கிடக்கிறது. மற்ற இரண்டும் இங்கே, சக்கர நாற்காலியில், கம்பளிக் காலுறைக்குள். மூன்றில் எதைத் தொட்டாலும் எனக்குத் தெரியாது.