சின்னவள் மூச்சு விட மறந்த நாள்

பிள்ளைகளே, கங்காரு தன் குட்டியை வயிற்றுப் பையில் வைத்துக்கொண்டு அலையும் என்று படித்திருப்பீர்கள். புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா என்னையும் அப்படி ஆக்கிவிட்டார்.

எங்களுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள். பிறக்க வேண்டிய நாளுக்கு ரொம்ப முந்தியே பிறந்துவிட்டார்கள். முதலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டுப் பால் கொடுத்தார்கள். பெரியவள் தேறி வந்தாள். சின்னவளுக்கு உடம்பில் சூடு நிற்கவில்லை. சில நேரம் மூச்சு விடவே மறந்துபோவாள். அவ்வளவு சிறிய பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமாம். அப்போது உள்ளங்காலில் லேசாகச் சுண்டி எழுப்ப வேண்டும்.

பெட்டியிலிருந்து எடுத்த பிறகு, என் மனைவி இருவரையும் மாற்றி மாற்றி வெறும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தச் சூட்டில்தான் சின்னவள் பிழைத்துக் கிடந்தாள். ஒருநாள் காலையில் என் மனைவிக்கே காய்ச்சல் வந்துவிட்டது. பிள்ளைகள் பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

நர்சம்மா வாசலுக்கு வந்தார். “ரெட்டைப் புள்ளை அப்பா எங்க? இங்கிட்டு வாங்க. சின்னவ உடம்பு சில்லுன்னு இருக்கு. சட்டையக் கழட்டிட்டு நீங்க வச்சுக்கங்க.”

ஆலங்குடியிலிருந்து கஞ்சி கொண்டுவந்திருந்த என் அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாருக்கே! இவன் கோழி மாதிரி அடைகாக்கப் போறானாக்கும்? தீட்டுக் கழியாம அப்பன் புள்ளயத் தொடக் கூடாதுங்க நர்சம்மா.”

“தீட்டுக் கழியிற வரைக்கும் புள்ள குளிர்ல கெடக்கட்டுமாக்கா?”

அக்கா கஞ்சியை எடுத்துக்கொண்டு என் மனைவியிடம் போனாள்.

என் பயம் வேறு. நான் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கிறவன். கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப் பட்டு என் விரல்கள் வெந்து கறுத்திருக்கும். அந்தத் தோல் பிள்ளை மேல் உரசினால் என்ன ஆகுமோ?

“இந்தக் கையோடயாம்மா?” என்று நீட்டினேன்.

புரட்டிப் பார்த்தார். “கைய யாரு கேட்டா? நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. நெஞ்சுக்குத்தான் வேலை. கைய மடியில வச்சுக்கிட்டு அசையாம உக்காருங்க.”

சின்னவளை என் நெஞ்சில் சாய்த்து, துணியால் சுற்றிக் கட்டினார். பாரமே தெரியவில்லை. உரித்த கோழிக்குஞ்சு போல இருந்தாள். அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறினால் நிம்மதி. இறங்கினால் அடுத்தது ஏறுமா என்று பயம்.

அடுத்த கட்டிலில் ஒரு குழந்தைக்கு முடியாமல் போக, நர்சம்மா அங்கே ஓடினார். அந்த நேரம் பார்த்துச் சின்னவள் முதுகு அசையவில்லை.

“அம்மா...” என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மடியிலிருந்து கையை எடுத்தேன். துணிக்குள் விட்டுக் காலைத் தேடினேன். என் கட்டை விரல் அளவுதான் இருந்தது அந்தப் பாதம். சுண்டினேன். ஒன்றும் இல்லை. வலிக்குமே என்று நினைத்தாலும் மறுபடி சுண்டினேன்.

உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மூச்சை இழுத்தாள். அப்புறம் சிணுங்கினாள்.

நர்சம்மா வந்து உதட்டைப் பார்த்தார், காதுக்குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டார். “இப்ப நல்லாருக்கு. ஆனா மறுபடியும் மூச்சு விட மறப்பா. இப்பத்திக்கு ஒண்ணும் சொல்ல முடியாது. எந்திரிச்சுக் கொஞ்சம் காலை நீட்டுறீங்களா?”

“வேணாம்மா.”

கொஞ்ச நேரத்தில் அக்கா கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்த்தாள். கிண்டல் எல்லாம் போய்விட்டிருந்தது. “காச்சலோட படுத்துக்கிட்டு அவ கேட்டுக்கிட்டே இருக்காடா. சின்னவ என்ன பண்றா?”

“மூச்சு விடுறான்னு சொல்லு” என்றேன்.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்க்கா. இப்பப் போய்ச் சொல்லு. அப்புறம் திரும்ப வந்து கேளு.”