தூணில் பதித்த பெருமான்

எங்கள் தெருவின் முகப்பில் இரண்டு செங்கல் தூண்கள் இருந்தன. வலப்புறத் தூணில் தெருவின் பெயர் எழுதியிருக்கும். ஆம்பூர்த் தோல் பதனிடும் ஷாப்புகளிலிருந்து பச்சைத்தோல் ஏற்ற வரும் வண்டிகள் அவற்றை உரசியே திரும்பும். தோல் மூட்டைகளில் வடிகிற உப்புநீர் பட்டுச் சுண்ணாம்புப் பூச்சு ஆண்டுதோறும் உதிர்ந்தது. தெருவில் தோல் மண்டி வைத்திருந்த செல்வர், கடப்பைக் கல் வரவழைத்துத் தூண்களைப் போர்த்தி, பெயரையும் கல்லிலேயே வெட்டுவிக்க முன்வந்தார். நானும் வாயார வாழ்த்தினேன். அந்த வாழ்த்தைத் திரும்பப் பெற முடியுமானால் இன்றே பெற்றுக்கொள்வேன்.

சோளிங்கர் மலையில் பெருமானைச் சேவித்துத் திரும்பிய மறுநாட் காலை, பெயர்க்கல்லைப் பார்க்கப் போனேன். பெயர் அழகாகத்தான் இருந்தது. அதன் கீழே, முழங்கால் உயரத்தில், கொத்தனார் கலவை பூசிப் பதித்து முடித்த கல்லில் நரசிங்கப் பெருமானின் திருவுருவம்!

"இது இங்கே எதற்கு?" என்றேன்.

மண்டிக்காரர் சிரித்தார். "வண்டிக்காரனுங்க தெனம் இங்கதான் ஒண்ணுக்குப் போறானுங்க, சாமி. இனிமே எவனுக்காவது தைரியம் வருமா?"

ஒரு பிள்ளையின் சொல் பொய்க்கலாகாது என்று தூணைப் பிளந்து வெளிப்பட்டவனை மூத்திரத்துக்குக் காவல் நிறுத்தியிருந்தார்கள்.

"தூண்ல இருக்கற சாமிதானே? தூண்லயே வெச்சா இன்னா கோவம்?" என்றார் அவர். கூடி நின்றவர்களும் சிரித்தார்கள்.

சிரிக்காதவர் ஒருவரே. வண்டியோடு காத்திருந்த சாயபு அவர். "எங்க மேல கோவம்னா எங்கள திட்டுங்க, மொதலாளி. விடியக்காத்தாலயே வந்துடறோம். மண்டி தொறக்கிற வரைக்கும் மாட்ட உட்டுட்டு எங்க போறது? ஐயா கும்புடற சாமிய இங்க குந்த வெக்கிறது எனக்கே பேஜாரா இருக்குது."

நான் மண்டிக்காரரிடம், "உங்கள் மண்டிக்குப் பின்னால் காலி மனை கிடக்கிறதே, அங்கே ஒரு மறைப்புக் கட்டிக் கொடுங்கள்" என்றேன்.

"என் எடத்துலயா? இன்னா பேசறீங்க சாமி! நாறிப்போய்டாது?"

அவருடைய மனை நாறக்கூடாது. அவருக்கு அந்த மனையை அருளியவனின் திருமுன் நாறலாம்! கல்லை எடுக்கும்படி கொத்தனாரிடம் சொன்னேன். அவர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். நான் தூணுக்கு முன்னால், அந்த ஈரத் தரையிலேயே அமர்ந்துவிட்டேன்.

"கல் வெளியே வரும்வரை எழமாட்டேன். வருகிறவன் என்மேல் பெய்யட்டும்."

தெருவே கூடிவிட்டது. வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்த மண்டிக்காரர், "எடுத்துக் குடுத்துத் தொலைப்பா" என்றார். கலவை இறுகாதிருந்தபடியால் கல் பின்னமின்றி வந்தது. தோல் ஏற்றும் வண்டியில் வைக்க மனமில்லாமல், சாயபு அதைத் தம் தலையிலேயே சுமந்துவந்து என் வாசலில் இறக்கினார்.

பெருமான் இன்று என் பூஜை அறையில் நாள்தோறும் திருமஞ்சனம் கொள்கிறான். தூணில் வெறுங்கல் பதித்தார்கள். மறைப்பு மட்டும் எழவேயில்லை. தெரு நாறுவதற்குக் காரணம் நான்தான் என்று மண்டிக்காரர் சொல்லிவருகிறார். மூக்கைப் பொத்திக்கொண்டு அவ்வழியே போகிறவர்களும், பக்கத்திலேயே கிடக்கும் அவருடைய காலி மனையைப் பாராமல், என் வீட்டைத்தான் முறைத்துவிட்டுப் போகிறார்கள்.