அலகு எழுதாத ஒன்பதாயிரம்

கடைத்தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பன்னிரண்டாயிரம்’. ஏ.சி. விற்கும் கடையில் இருபத்திரண்டு வருடமாக எஸ்டிமேட் போடுகிறவர். ஒரு டன் குளிர்ச்சி என்றால் மணிக்குப் பன்னிரண்டாயிரம் பி.டி.யூ. வெப்பம், கிலோவாட்டில் மூன்றரை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார், அதுதான் தொல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாய் தவறி “என்ன புழுக்கம்” என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஜன்னல்களை எண்ணி, தலைகளை எண்ணி, அந்த பஸ்ஸுக்கு எத்தனை டன் வேண்டும் என்று சொல்லாமல் இறங்க மாட்டார். கால்குலேட்டரைத் தொடுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

அவருடைய தங்கை, கணவர் இறந்த மறுவருடம், பதினோரு வருடம் பார்த்த பள்ளிக்கூட அலுவலக வேலையை விட்டுவிட்டு மொட்டுக் காளான் வளர்க்கப் போகிறேன் என்று வந்து நின்றாள். இரண்டு பெண் பிள்ளைகளை இனி இதை வைத்துத்தான் வளர்த்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னாலிருந்த ஷெட்டை அறையாக்கி, சுவரெல்லாம் தெர்மோகோல் ஒட்டி, நாலு அடுக்குத் தட்டுகள் போட்டிருந்தாள். பயிற்சி கொடுத்த இடத்தில் ஒரு ரிடையர்டு இன்ஜினியர் கணக்குப் போட்டுக் கொடுத்த துண்டுக் காகிதத்தை நீட்டினாள்.

“இதுக்கு எத்தனை டன் வாங்கணும்ண்ணா?”

குளிர்ச்சித் தேவை 9,000 என்று மட்டும் இருந்தது. என்ன அலகு என்று இல்லை. கீழே இன்ஜினியரின் போன் நம்பர் இருந்தது. நம்மவராவது, போன் பண்ணிக் கேட்பதாவது! ஆயிரக்கணக்கில் எண்ணைப் பார்த்தால் அது பி.டி.யூ.தான் என்று எடுத்துக்கொள்வது அந்தத் தொழிலில் ஊறிப்போன பழக்கம். காகிதம் கைக்கு வந்த சூட்டிலேயே “முக்கால் டன்” என்றார். அறையையும் போய்ப் பார்த்தார். படுக்கையறையைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். கண்ணும் கணக்கும் ஒத்துப்போன திருப்தியில், மெஷினைத் தானே கூட நின்று மாட்டிக்கொடுத்தார்.

தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகக் காளான் நூல் படர்கிற வரைக்கும் வெயிலும் ஏறவில்லை, தொந்தரவும் இல்லை. மொட்டு விடுகிற சமயத்தில்தான் அறை பதினேழு டிகிரியில் நிற்க வேண்டும், வெளிக்காற்றையும் உள்ளே விட வேண்டும். அதற்கான ஃபேனைப் போட்ட அன்று அறை இருபத்தாறுக்குப் போனது. மறுநாள் இருபத்தெட்டு.

அவர் ஓடி வந்தார். ஃபில்டரைக் கழுவினார், கேஸ் பார்த்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை, பாவம், அது உயிரைக் கொடுத்து ஓடிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் அந்த போன் நம்பரைத் தேடி அடித்தார்.

“மூணு டன் மெஷின் போட்டும் எப்படிங்க இருபத்தெட்டுல நிக்கும்?” என்றார் இன்ஜினியர்.

“மூணா? நீங்க ஒன்பதாயிரம்னுதானே சார் எழுதியிருக்கீங்க?”

“ஆமா, கிலோகலோரி. நான் எப்பவும் அதுலதான் போடுவேன்.”

தெரியாத விஷயமா? வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய மெஷின்களின் தகட்டில் எத்தனை தடவை பார்த்திருக்கிறார். ஒரு டன்னுக்கு மூவாயிரத்து இருபத்து நாலு கிலோகலோரி. வேண்டியதில் நாலில் ஒரு பங்கைத் தங்கையின் தலையில் கட்டியிருக்கிறார்.

மூன்று டன் மெஷின் சாயங்காலத்துக்குள் கிடைக்கும். ஆனால் ஷெட்டுக்கு வரும் கரன்ட் லைன் அதைத் தாங்காது. புது லைனுக்குக் கையைக் காலைப் பிடித்துக் கேட்டுப்பார்த்தார். மின்சார அலுவலகத்தில் பத்து நாள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வண்டியில் ஐஸ் பாளம் கொண்டுவந்து இறக்கினார். மத்தியானத்துக்குள் தரையெல்லாம் தண்ணீர். ஃபேனை நிறுத்தினால் காளான் மூச்சு முட்டிச் சாகும், போட்டால் வெந்து சாகும். ஊரிலுள்ள அறைகளுக்கெல்லாம் குளிர் கணக்குச் சொன்ன மனுஷன், ஸ்விட்ச்சைப் போடுவதும் அணைப்பதுமாக நின்றார்.

தங்கை வாசலிலேயே நின்றாள்.

“நான் கதவைத் திறந்து திறந்து பாத்ததாலதானாண்ணா இப்படி ஆச்சு? நேத்துலேர்ந்து நான் உள்ளயே போகல.”

பழியை அவள் தானாகவே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். பேசாமல் விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு நிமிஷம் அந்த ஆசை வந்தது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

“உன் மேல தப்பு ஒண்ணும் இல்லம்மா. கணக்கைத் தப்பாப் போட்டது நான்தான். மூணு டன் வேணும். முக்கால் சொல்லிட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“அந்த சார் சந்தேகம் இருந்தா போன் பண்ணச் சொன்னாருண்ணா. நீ இருக்கும்போது அவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு நான்தான் பண்ணல.”

அவள் இரண்டு வாளிகளை எடுத்து வந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தாள். இருவரும் உள்ளே போனார்கள். மொட்டுகள் பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றிரண்டு இன்னும் வெள்ளையாக இருப்பதுபோல் அவருக்குப் பட்டது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

“எதையெல்லாம் எடுக்கணும்மா?” என்று கேட்டார்.

“எல்லாத்தையும்தாண்ணா” என்றாள்.