கண்ணாடி மேல் ஒரு விரல்

பிரவுசிங் சென்டர் நடத்தக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடுத்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும்.

இரண்டாயிரம் பிறந்த கொஞ்ச நாளில், கல்பாக்கம் டவுன்ஷிப்புக்கு வெளியே புதுப்பட்டினத்தில் நான் ஒரு சென்டர் திறந்தேன். எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்காரர் காலையில் ஆபீஸ் பஸ் ஏறிவிட்டால் சாயங்காலம்தான் திரும்புவார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதற்குப் பதில் ஸ்கிரீனைப் பார்த்து உட்காரலாமே என்று தோன்றிவிட்டது. நாலு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரே ஒரு டெலிபோன் லைன். மோடம் கீச்சுக்கீச்சென்று கத்தி முடித்து, ஒரு பக்கம் திறப்பதற்குள் குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். மத்தியானத்தில் கடல் காற்று திரைச்சீலையைத் தூக்கித் தூக்கிப் போடும். யாரும் தொடாத ஸ்கிரீன்களில் ஸ்கிரீன்சேவர் மீன்கள் நீந்தும். நான் இருப்பது கரையிலா, தண்ணீருக்குள்ளா என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும். அந்தக் காலத்தில் சென்டர் வைத்திருந்தவர்களுக்கும், அங்கே காத்துக் கிடந்தவர்களுக்கும் நான் சொல்வது புரியும்.

நடு அத்தியாயம்

காத்திருப்பவர்களுக்குப் பொழுது போகட்டும் என்று, ஒவ்வொரு கம்ப்யூட்டர் பக்கத்திலும் பழைய வாரப் பத்திரிகைகளும் பைண்டு செய்த தொடர்கதைகளும் வைத்தேன். அது வினையாகிவிட்டது. ரிட்டயரான வைத்தியநாதன் சார் தினமும் மூன்று மணிக்கு வருவார். அமெரிக்காவில் இருக்கும் பேரனுடைய போட்டோ வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் அவருக்கு. பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுத் தொடர்கதையைக் கையில் எடுப்பார். அதோடு ஆள் காணாமல் போய்விடுவார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

ஒரு நாள் அதிசயமாகப் பேரனின் படம் முழுசாக வந்து நின்றது. குழந்தை பொக்கை வாயைக் காட்டிச் சிரிக்கிறது. தாத்தா நிமிரவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த படம், மறுபடி மீனாகிவிட்டது. "சார், பேரன் வந்து எவ்வளவு நேரமாச்சு!" என்று கத்தினேன். அவர் புத்தகத்தில் விரலை நுழைத்துக்கொண்டு, தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்போல் சொன்னார்: "அவன் எங்கேம்மா போயிடப் போறான்? நான் இங்கே நடு அத்தியாயத்துல மாட்டிண்டிருக்கேன்."

நடுவில் நான்

தனபாக்கியம் அக்கா பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து விற்பவர். விற்று முடித்த மத்தியானத்தில், கழுவிய அலுமினியக் கூடையை வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே வருவார். ஒரே மகன் சேகர், வளைகுடாவில் கடலுக்கு நடுவே எண்ணெய் எடுக்கிற மேடையில் வெல்டர். அங்கே தபால்காரர் ஏது? வாரத்துக்கு ஒரு முறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் உட்கார அனுமதி உண்டு. அப்போது அம்மாவுக்கு நாலு வரி தட்டிவிடுவான். வேலைக்குக் கிளம்பும்போது, அம்மா பேரில் தொடங்கிய ஈமெயில் விலாசத்தையும் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி, என் கையில் கொடுத்துவிட்டுப் போனதும் அவன்தான்.

நாற்பது வயதுக்கு மேல், குப்பத்தில் நடந்த எழுத்தறிவு வகுப்பில் உட்கார்ந்து தமிழ் படிக்கக் கற்றுக்கொண்டவர் அக்கா. வகுப்பில் கொடுத்த புத்தகம் தீர்ந்துபோனதும், சேகருடைய பழைய பள்ளிக்கூட நோட்டுகளை வைத்துக்கொண்டு படித்துப் பழகினாராம். முதல் நாள் என் கடைப் போர்டை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் படியேறினார். அவ்வளவு ஆசையாக வந்தவர் முன்னால் நான் திறந்துவைத்த கடிதமோ, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்த கடிதம். ஸ்கிரீனுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். பிறகு நான் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு எழுந்தவர் வருத்தத்தை ஒளிக்கவில்லை. "தப்பா நெனைக்காதம்மா. எனக்கும் எம் புள்ளைக்கும் நடுவுல ஆளு வேணாம்னுதான் இந்த வயசுல ஸ்லேட்டத் தூக்கினேன். இப்ப நீ வந்து குந்திகினு கீற."

மீதி இரண்டு வரி

இதைச் சொல்லும்போது இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஒரு வாரம் சேகர் எழுதியிருந்தான்: வேலையில் வலது கை இரும்புச் சட்டத்துக்கு இடையில் மாட்டிக்கொண்டது, இரண்டு விரலில் கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே. மேலே ஓட்டமாகப் படித்துக்கொண்டு வந்தவள், அந்த இடத்தில் நின்றேன். பாவம், வெயிலில் அலைந்துவிட்டு வந்திருக்கிற மனுஷி, ராத்திரி தூங்க வேண்டாமா என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். அந்த இரண்டு வரியை விழுங்கிவிட்டு, "உடம்பைப் பாத்துக்க, இப்படிக்கு சேகர்" என்று முடித்தேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு வேறு!

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, நான் படிக்கப் படிக்க வரிக்கு அடியில் விரலை நகர்த்திக்கொண்டே வருவார். எழுத்து தெரியாவிட்டாலும், வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும் அல்லவா? நான் வாயை மூடியபோது அவர் விரல் ஸ்கிரீன் கண்ணாடி மேல் நடுவழியில் நின்றுகொண்டிருந்தது. அதை எடுக்காமலே என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ முடிச்சிட்ட. எனக்கு இன்னும் ரெண்டு வரி பாக்கி கீது."

கலைந்துபோன கடிதம்

உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. அடுத்த வாரம், கை பரவாயில்லை என்று கடிதம் வந்தது. அதை நான் படித்ததை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. இனி என் வாயை எப்படி நம்புவார்?

புத்தகத்துக்குள்ளிருந்து தலையை வெளியே நீட்டி யோசனை சொன்னவர் வைத்தியநாதன் சார்தான். தமிழ் எழுத்திலேயே அடித்து அனுப்பச் சொல்லலாமே என்றார். சேகரும் நெட்டில் எங்கோ தேடி, ஒரு தமிழ் ஃபாண்டை இறக்கி அடித்து அனுப்பினான். அவன் இறக்கிய எழுத்து வேறு, என் கம்ப்யூட்டரில் இருந்த எழுத்து வேறு. அந்த நாளில் இந்தக் கஷ்டம் படாத தமிழர் யார்? ஸ்கிரீன் முழுக்கக் கட்டமும் கேள்விக்குறியும் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்தும் கொட்டிக் கிடந்தன. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அக்கா முந்தானை நுனியால் கண்ணாடியை மெதுவாகத் துடைத்துப் பார்த்தார். "அழுதுகினே எழுதினானா இன்னாம்மா, எல்லாம் கலைஞ்சி கீதே?"

மேலிருந்து இறங்கிய கடிதம்

கடைசியில் நானே சேகருக்கு எழுதினேன். தம்பி, காகிதத்தில் உன் கையால் எழுதி, அதை ஸ்கேன் செய்து படமாக அனுப்பு. இரண்டு வாரம் சத்தமே இல்லை. மூன்றாவது வாரம் படம் வந்தது. மற்றவர்களைக் கெஞ்சி எழுப்பிவிட்டு, லைன் முழுவதையும் அக்காவுக்கே கொடுத்தேன்.

படம் மேலிருந்து கீழே, பாய் விரிவதுபோல் இறங்கியது. விரற்கடை அளவு வரும், நிற்கும், மறுபடி கொஞ்சம் வரும். நெட்டின் மந்தத்தைத் திட்டாத நாள் கிடையாது எனக்கு. அன்றைக்குத்தான் அது சரியான வேகம் என்று தெரிந்தது. அக்கா எழுத்துக் கூட்டி ஒரு வரியை முடிக்கவும், அடுத்த வரி கண்ணாடியில் எழுந்து வரவும் சரியாக இருந்தது. "அம் … மா … வுக்கு …" திரைச்சீலை ஏறி இறங்கியது. வைத்தியநாதன் சார் புத்தகத்தை மூடியே வைத்துவிட்டார். "கை … ஆ … றி … டுச் … சி. கவ … லப் … ப … டா … த."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அக்கா, கை ஆறிட்டுதாம்! நீங்களே படிச்சிட்டீங்களே!" என்று கை தட்டினேன். அவர் விரல் அந்த வரியின் கீழேயே இருந்தது. பிறகு ஒவ்வொரு எழுத்தாக, அதன் சுழியைத் தடவிக்கொண்டே போனார். "நோட்டுல இவன் போட்ட சுழியெல்லாம் முட்டையாட்டம் முழுசா கீதும்மா. இது எல்லாம் வாயப் பொளந்துகினு நிக்கிது. பேனா புடிக்க முடில அவனுக்கு. ஆறிடுச்சின்னு எழுதிக் கீறான், ஆறல."

நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்கு அதில் எழுத்து மட்டும்தான் தெரிந்தது. அக்கா என்னிடம் கையை நீட்டினார். "ஒரு காயிதம் குடு. வூட்டுக்கு வந்து சேருடான்னு நானே எழுதறேன். படம் புடிச்சி அனுப்பு. நீ எதையும் சேக்காத, எதையும் எடுக்காத."

முகத்தை மாற்றாமல் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் போதும் என்று ஆரம்பத்தில் சொன்னேன் அல்லவா, அன்றைக்கு எனக்கு அதுவும் வரவில்லை.