மரத்தைக் கேட்டு வெட்டும் ஊர்

அண்ணாமலையாருக்குக் காட்டிய கற்பூரத்தைச் சக்கரபாணி அப்படியே பக்கத்துப் படத்துக்கும் காட்டுகிறார். அது சாமி படம் இல்லை. ஜப்பானில் ஒரு மலைக்காடு. பனையைவிட உயர்ந்த கறுத்த மரங்களுக்கு நடுவே பதினோரு வீடு. அண்ணாமலையார் பெரிய மனசுக்காரர், பொறுத்துக்கொள்கிறார்.

எழுபத்தெட்டாம் வருஷம் இங்கே ஆசிரமத்துக்கு வந்து, இவர் வீட்டில் வாடகைக்கு இருந்த மொரிதா என்பவரின் ஊர் அது. "அடுத்த வாட்டி உங்களையும் கூட்டிப்போறேன்" என்று அவர் சொல்லிப் போனதிலிருந்து, செங்கம் ரோட்டில் சக்கரபாணி பாதி ஜப்பான்காரர். மெட்ராசையே ஒருதரம்தான் பார்த்தவர், அந்த ஊரில் எந்த வீட்டுப் புகை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லுவார்.

டீக்கடையில் யாராவது மழையில்லை என்று வாயைத் திறந்தால் போச்சு. "அங்க மழை ஜாஸ்தி, பேச்சு கம்மி" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசுவார். "மரத்தக் கும்புட்டு, உன்னை வெட்டலாமான்னு கேட்டுட்டுத்தான் கோடாலியத் தூக்குவாங்க. நம்மாளுங்களும் இருக்காங்களே!" விறகு சுமந்து வரும் பாஞ்சாலையையும் விடமாட்டார். "கழுத்து ஒடியுது சாமி, நாளைக்குச் சொல்லுங்க" என்று அவள் நழுவுவாள்.

இப்பேர்ப்பட்டவர்தான் போன வருஷம் வாசல் வேப்பமரத்தை வெட்டிச் சாய்த்து, வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு அறை கட்டினார். "எலை கொட்டுது, ஒரே குப்பை" என்றார். மனைவி வேதா மூன்று நாள் அந்த வாசலில் கோலம் போடவில்லை.

இந்தத் தை மாதம் கடிதம் வந்தது. மொரிதா வருகிறார், வேப்பமர நிழல் விழும் அந்தப் பழைய அறைதான் வேண்டுமாம். சக்கரபாணி பாஸ்போர்ட் எடுத்தாயிற்றா என்றும் கேட்டிருந்தார்.

சக்கரபாணி அன்றைக்கே வாசலுக்கு ஓடினார். வெட்டிய அடிமரத்தைக் கோணியால் மூடி, அதன்மேல் துளசித் தொட்டியை வைத்தார்.

"தொட்டிய வெச்சிட்டா நெழல் வந்துடுமா?" என்றாள் வேதா.

மொரிதா வந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். தொட்டியை அலுங்காமல் நகர்த்திக் கோணியை விலக்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமரத்தின் முன் இடுப்பு வளையக் குனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்து, குத்தலே இல்லாமல், உடம்புக்கு எப்படி என்று விசாரிப்பதுபோல் சக்கரபாணியிடம் கேட்டார்.

"மரத்தைக் கேட்டீங்களா?"

"கே... கேட்டேங்க."

"என்ன சொல்லிச்சு?"

தெருவில் போய்க்கொண்டிருந்த பாஞ்சாலை நின்றாள். விறகுக்கட்டை இறக்கிக் கீழே வைத்தாள்.

தடுக்க ஒரு கிளை இல்லாத வாசலில் வெயில் சக்கரபாணியின் உச்சியில் இறங்கியது. தோள் துண்டை எடுத்து, மெதுவாகத் தலையில் போட்டுக்கொண்டார்.