குடை பிடித்த எழுத்துகள்: கும்மிடிப்பூண்டியில் ஒரு வகுப்பறை

காலை 6.50

தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டிக்குச் சீட்டு வாங்கினேன். நாற்பத்தெட்டு கிலோமீட்டருக்குப் பதினைந்து ரூபாய். எங்கள் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஈரோட்டுக்கு பஸ்ஸில் போனாலே இதைவிட அதிகம் ஆகும்.

கோபியில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை நான். ஊரைச் சுற்றிலும் நூல் மில்கள். அவற்றில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் சில வருடங்களாக எங்கள் பள்ளியிலும் சேர்கிறார்கள். மைதானத்தில் அவர்கள் போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும். வகுப்புக்குள் வந்தால் வாய் திறப்பதில்லை. அதட்டியும் பார்த்தேன், கொஞ்சியும் பார்த்தேன். சென்னையில் நடந்த ஒரு பயிற்சியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எஸ்தர் டீச்சரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "ஒரு நாளு நம்ம ஸ்கூலுக்கு வாங்க டீச்சர், வந்து பாருங்க" என்றார். பயிற்சி முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலையில் சென்னைக்குள் வரும் ரயில்களில்தான் கூட்டம் நெரியும் என்று நினைத்திருந்தேன். ஊரை விட்டு வெளியே போகும் இந்த வண்டியிலும் உட்கார இடமில்லை. எல்லோரும் தொழிற்சாலைக்குப் போகிறவர்கள். தோளில் சாப்பாட்டுப் பை, கழுத்தில் அடையாள அட்டை. எண்ணூர் தாண்டும்போது புகைபோக்கிகளுக்கு நடுவே பனி கலையாமல் நின்றது. மீஞ்சூருக்கு அப்பால் வயல்கள் தொடங்கின. பொன்னேரியில் அறுவடை முடிந்து வைக்கோல் பரப்பியிருந்தார்கள். என் பின்னால் இருவர் தெலுங்கிலும், வாசலோரத்தில் நாலைந்து பேர் இந்தியிலும், எதிரில் இருந்த பெண்கள் தமிழிலும் பேசிக்கொண்டே வந்தார்கள். ஒரே ஷிப்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும்.

காலை 8.20

கும்மிடிப்பூண்டி நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. பள்ளி இருக்கும் ஊரைச் சொன்னதும் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.

"எஸ்தர் டீச்சர் ஸ்கூலா? நம்ம பொண்ணு அங்கதான் மூணாவது படிக்கிது. ஏறுங்க, இருவது ரூபா."

"நல்லாப் படிக்குதுங்களா?"

"படிப்பெல்லாம் நல்லாத்தான் கீது. ஊட்டுக்கு வந்தா என்னாண்டயே இந்தியில கணக்கு கேக்குது. பேஜாரா கீது, மேடம்." ஒரு லாரிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். "முதல்ல டீச்சராண்ட போய் சண்டயே போட்டேன். தமிழ் ஸ்கூல்ல இன்னாத்துக்கு இந்திக்காரன் பேச்சுன்னு. அப்பால பாத்தா, கம்பெனி ஆளுங்க சவாரிக்கு வந்தா இந்தியில எப்டிப் பேசணும்னு நம்ம பொண்ணுதான் எனக்கே சொல்லிக் குடுத்துச்சு. இப்ப நான் எதுவும் கேக்கறதில்ல."

தொழிற்பேட்டைச் சாலையின் இரு பக்கமும் இரும்பு உருக்கும் ஆலைகள். துரு நிறத் தூசு வேப்பிலைகளின் மேல்கூடப் படிந்திருந்தது. நாலு கிலோமீட்டர் போய் இடப்பக்கம் திரும்பியதும் நெல் வயல், அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட வாடகை அறைகள் வரிசையாக, அதற்கப்புறம் பள்ளி.

அது இரண்டு ஆசிரியர் பள்ளி. எஸ்தர் டீச்சர்தான் தலைமை ஆசிரியை. அவருடைய பெற்றோர் இதே ஊர் வயல்களில் கூலி வேலை செய்தவர்கள். அண்ணன் உருக்காலையில் இருக்கிறார். "நாத்து புடுங்கின எடத்துலயே பாடம் எடுக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

காலை 9.30

மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் ஒரே அறையில். அன்றைய பாடம் நெற்பயிரைப் பற்றியது. டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

"நேத்து ராத்திரி ஊட்ல இன்னா துன்னீங்க?"

"சோறு!" என்று பாதிப் பேர் கத்தினார்கள். எல்லையோரத்துத் தெலுங்குக் குடும்பத்துப் பையன் ஒருவன் "அன்னம்" என்றான். பீகார்க் குழந்தைகள் இருவர் "பாத்" என்றார்கள். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் "பாதொ" என்றாள். அவள்தான் மினதி, நான்காம் வகுப்பு. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலிருந்து இரண்டு வருடத்துக்கு முன் வந்தவள். டீச்சர் நான்கு சொற்களையும் தமிழ் எழுத்தில் பலகையில் எழுதினார்.

"ஆக்கறதுக்கு முன்ன அது இன்னா?"

அரிசி, பிய்யம், சாவல், சாவுலொ என்று வந்தது. உமி நீக்குவதற்கு முன்? நெல்லு, வட்லு, தான், தானொ. பலகையில் மூன்று வரிசை நிறைந்ததும் முன்பெஞ்சுப் பையன் எழுந்தான். ஊரில் சொந்த நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை.

"டீச்சர், எல்லாப் பாஷையிலயும் மூணு பேரு கீது. இங்கிலீசுல மட்டும் சோறும் ரைஸு, அரிசியும் ரைஸு. அவங்க ஊட்ல சோறே ஆக்க மாட்டாங்களா?"

வகுப்பே சிரித்தது. நானும் வாய்விட்டுச் சிரித்தேன். நெல் விளைகிற நாடுகளின் மொழிகளுக்கு மட்டும் ஏன் இத்தனை சொற்கள் என்று கல்லூரியில் ஒரு மணி நேரம் பேசலாம். ஒன்பது வயதுப் பையன் அதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டான். அதற்குப் பிறகுதான் புத்தகம் திறந்தார்கள். நாற்று, களை, கதிர் என்று படிக்கும்போது எந்தக் குழந்தையும் விழிக்கவில்லை. மினதியும் எழுந்து நின்று ஒரு பத்தி படித்தாள். ழகரம் கொஞ்சம் வழுக்கியது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அது வழுக்கத்தான் செய்கிறது.

இடைவேளையில் எஸ்தர் டீச்சரிடம் கேட்டேன். "பாடத்துல 'வீடு'ன்னு இருக்குது. புள்ளைக 'ஊடு'ங்குதுக. நீங்க திருத்தறதே இல்லீங்களே?"

"எழுதறப்ப 'வீடு'ன்னுதான் புள்ளைங்க எழுதுதுங்க டீச்சர். பாத்தீங்கல்ல? பேசறப்ப நான் வாய அடைக்கறதில்ல. 'ஊடு'ன்றவனையே தப்புன்னு சொல்லிட்டா, 'பாதொ'ன்றவ எப்டி வாயத் தொறப்பா?"

முற்பகல் 11.15

மணி அடித்துப் பிள்ளைகள் உள்ளே போகும் நேரம். மினதியின் அப்பாவும் அம்மாவும் வாசலில் வந்து நின்றார்கள். அப்பா உருக்காலையில் ஒப்பந்தத் தொழிலாளி, மெலிந்த மனிதர். அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு அவருக்குப் பின்னால் நின்றார். அப்பா தமிழில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "டீசி."

எஸ்தர் டீச்சரின் முகம் வாடிவிட்டது. பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு இருவரையும் வகுப்பறையிலேயே உட்கார வைத்தார். அப்பாவுக்குத் தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. டீச்சருக்கு ஒடியாவில் சில சொற்களுக்கு மேல் தெரியாது. வேறு வழி இல்லாமல் மினதியையே நடுவில் நிற்க வைத்தார். தன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கான பேச்சை, அந்தக் குழந்தையே இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அப்பாக்கு காட்டுப்பள்ளி துறைமுகத்துல வேல மாத்திட்டாங்க. அங்க கேம்ப்ல பேமிலி வரக்கூடாதாம். அதனால என்னையும் அம்மாவையும் ஊருக்கு அனுப்பறாராம்" என்றாள்.

"பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான் கீதுன்னு சொல்லு. அப்பா ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டுப் போட்டும். நீங்க ரெண்டு பேரும் இந்த ரூம்லயே இருக்கலாம்ல?"

அவள் சொன்னாள். அப்பா தலையை ஆட்டி மறுத்துவிட்டு வெகுநேரம் பேசினார். மினதி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கொஞ்சம்தான் சொன்னாள்: "ஊர்ல படிக்கட்டும்னு சொல்றாரு."

"அவ்ளோ நேரம் பேசினாரே. முழுசா சொல்லும்மா" என்றார் டீச்சர்.

மினதி தரையைப் பார்த்தாள். அவள் நினைத்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். எங்களில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நிமிர்ந்து முழுதும் சொன்னாள்.

"பூஜைக்கு ஊருக்குப் போனோம்ல, டீச்சர். பஸ் ஸ்டாண்டுல எங்க சித்தப்பா என்னை போர்டு படிக்கச் சொன்னாரு. எனக்குத் தெரியல. நாலாவது படிக்கிற பொண்ணுக்கு நம்ம ஊரு போர்டு படிக்கத் தெரியலயான்னு எல்லாரும் சிரிச்சாங்க. அப்பாக்கு வெக்கமா பூட்ச்சாம். இங்க இருந்தா நம்ம எழுத்து மறந்தே பூடும், நாளைக்கு நான் எந்த ஊரு பொண்ணுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொல்றாரு."

அடுத்த அறையில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. அந்த மனிதர் சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. என் மகன் வெளி மாநிலத்தில் வளர்ந்து, கோபி பஸ் நிலையத்தில் நின்று பெயர்ப்பலகை படிக்கத் தெரியாமல் விழித்தால் நான் என்ன செய்திருப்பேன்?

மகள் ஒன்றும் மறைக்காமல் சொன்னது அப்பாவுக்கும் புரிந்துவிட்டது. அவள் பக்கம் திரும்பினார். பிறகு மெல்ல ஒரு கேள்வி கேட்டார்.

"இன்னா கேக்கறாரு?" என்றார் டீச்சர்.

"நீ இன்னா சொல்றன்னு என்னையே கேக்கறாரு."

"சரி, நீ சொல்லு. எங்களாண்ட சொல்ல வேணாம். அவராண்ட சொல்லு."

மினதி ஒடியாவில் பேசினாள். கையை ஆட்டி, பலகையைக் காட்டி, ஒருமுறை ஜன்னலுக்கு வெளியே இருந்த வயலைக் காட்டி, நடுவில் அழுது, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பேசினாள். அவள் என்ன சொன்னாள் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதுவரை பேசாமல் இருந்த அம்மா எழுந்தார். பலகைக்குப் போய், டீச்சரிடம் தலையசைத்து அனுமதி கேட்டுவிட்டுச் சாக்கட்டியை எடுத்தார். நெல், வட்லு, தானொ என்று காலையில் எழுதியது அப்படியே இருந்தது. தமிழில் எழுதியிருந்த 'தானொ'வின் பக்கத்தில் அதையே ஒடியாவில் எழுதினார். நிறுத்தி, அழுத்தி, அழகான கையெழுத்து. திரும்பித் தட்டுத் தடுமாறித் தமிழில் சொன்னார்:

"நான் எட்டாவது படிச்சது. எழுத்து நான் சொல்லித் தரும்."

கடைசிச் சொற்கள் டீச்சருக்கும் கணவருக்கும் சேர்த்துச் சொன்னவை. கணவர் மனைவியின் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதை அதற்கு முன் பார்த்திருந்தாரா என்று தெரியவில்லை.

எஸ்தர் டீச்சர் எழுந்து போய் அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊட்ல வச்சி ஏன் சொல்லித் தரணும்? இங்க வாங்க. வெள்ளிக்கெழம கடைசிப் பீரியடு உங்களுது. எல்லாப் புள்ளைங்களும் கத்துக்கட்டும். மினதி, இத்த நல்லா சொல்லு உங்க அம்மாக்கு."

மினதி சொன்னாள். அப்பா எழுந்தார். டீசி என்ற சொல்லை மறுபடியும் அவர் எடுக்கவில்லை. கைகூப்பி, "அஞ்சாவது வரைக்கும்" என்றார். டீச்சர், "அஞ்சாவது முடிக்கட்டும், அப்பால பேசிக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை வரை பொறுக்கப் பிள்ளைகள் தயாராக இல்லை. மணி அடித்ததும் ஓடிவந்து பலகையை மொய்த்தார்கள். முன்பெஞ்சுப் பையன் அந்த எழுத்துகளைத் தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இன்னா டீச்சர் இது, ஒவ்வொரு எழுத்தும் குடை புடிச்சிக்கினு நிக்குது!"

உண்மைதான். ஒடியா எழுத்துகள் பலவற்றின் தலையிலும் ஒரு வளைவு கவிந்திருக்கிறது. அந்த அம்மா முக்காட்டுக்குள் சிரித்துவிட்டார். தன் பெயரை எழுதச் சொல்லி அவன் கேட்க, அவனைத் தொடர்ந்து எல்லோரும் கேட்க, பலகையில் இடமில்லாமல் தரையிலும் எழுதினார். மினதி ஒவ்வொரு பெயரையும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, மிகவும் அதிகாரமாக.

பிற்பகல் 3.40

சாலைக்கு வந்து, புதுவாயல் வரை ஒரு பஸ். அங்கே இறங்கி டீ குடித்தேன், பதினைந்து ரூபாய். கொல்கத்தா நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. ஷிப்டு முடித்தவர்கள் கடையைச் சுற்றி நின்று பன்னைத் தோய்த்துத் தின்றார்கள்.

பாடப்புத்தகம் ஒன்றுதான். கோபிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அதே பக்கங்கள், அதே படங்கள். எங்கள் பள்ளியில் கட்டடம் இதைவிடப் பெரிது, ஆசிரியர்களும் அதிகம். ஆனால் நெல் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தானொவையும் வட்லுவையும் எழுதலாம் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை. எழுதினால் தமிழுக்கு எதுவும் குறைந்துவிடாது. இன்று கண்ணால் பார்த்தேன்: ஒடிசாப் பிள்ளை ஒன்று தன் வாழ்க்கையின் பெரிய பேச்சைத் தமிழுக்கு மாற்றியது, அதுவும் 'பூட்ச்சு' என்று கும்மிடிப்பூண்டித் தமிழில். யாரும் திணித்துக் கொடுத்ததல்ல; தானாகச் சேர்ந்தது. இப்படி ஒரு மொழியைச் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தேன்.

மாதவரம் போகும் பஸ்ஸில், தொழிற்சாலைச் சீருடையில் இருந்த ஓர் அக்கா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"எந்தக் கம்பெனிம்மா நீங்க?"

"கம்பெனி இல்லீங்க. நான் டீச்சருங்க."

"இன்னாது இது, இழுத்து இழுத்துப் பேசறீங்க. எந்தூருப் பேச்சு?"

சென்னைப் பயிற்சியில் இருந்த ஒரு வாரமும் அந்த 'ங்க'வை வெட்டி வெட்டித்தான் பேசியிருந்தேன். அங்கே யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயம்.

"கோபிங்க்கா" என்றேன், நன்றாக இழுத்து. "எங்கூர்ல எல்லாருமே இப்படித்தானுங்க பேசுவோம்."